கதவோடு கிளம்பியவள்

அண்ணனுக்கு ஸ்டாலை விட்டு நகரப் பயம். தங்கைக்கோ ஓர் இடத்தில் நிற்க முடியாது. இந்த இரண்டு பேரையும் பத்தடிக்குப் பத்தடி இடத்தில் மூன்று நாள் அடைத்துவைத்தால் என்ன ஆகும்? முதல் இரண்டு நாளும் ஒன்றுமே ஆகவில்லை, அதுதான் கொடுமை. கட்டுமானப் பொருள் கண்காட்சிக்கு அப்படி ஒரு கூட்டம். இவர்கள் ஸ்டாலுக்குள் மட்டும் ஒரு காக்கா குருவி நுழையவில்லை.

இவர்கள் செய்வது கதவுக் கீல். சாதாரணக் கீல் என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவு வேகமாகத் தள்ளிவிட்டாலும் கதவு தானாகத் திரும்பி வந்து, சத்தமே போடாமல் சாத்திக்கொள்ளும். ஆறு வருஷம் பட்டறையில் அண்ணன் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறான். வாங்குபவர்களிடம் பேசுகிற வேலை தங்கையுடையது. என்ன பேசி என்ன, பெரிய ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. இதற்கிடையில் வேறொரு கம்பெனி அவனை மேற்பார்வையாளர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இந்தக் கண்காட்சியிலும் ஒன்றும் நடக்காவிட்டால் ஒன்றாம் தேதி அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறேன், பட்டறையைப் பூட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டான். அவன் இல்லாத பட்டறையைத் தங்கையால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவள் கணக்குப்படி ஒரே ஓர் ஆளைப் பிடித்தால் போதும். ஆஸ்பத்திரிகள் கட்டும் நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிற அம்மா. கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டால் எந்த நோயாளி தூங்குவார்? அந்த அம்மா கடைசி நாள் கருத்தரங்கில் பேசிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார் என்று விசாரித்து வைத்திருந்தாள். தேடிப் போகிறேன் என்றால் அண்ணன் விட்டால்தானே? நீ போன நேரம் பார்த்து யாராவது வந்தால் நான் என்னத்தைப் பேசுவேன் என்று புலம்பினான். அதிலும் தப்பில்லை. நாலு பேரைப் பார்த்தால் அவனுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

கடைசி நாள் இரண்டு மணிக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள். இரண்டு நாளும் வெளியே போனால் ஓட்டமும் நடையுமாகப் போய் வந்தவள், அன்றைக்குத்தான் அண்ணன் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கதவைத் திறந்து உள்ளே வந்தால்தான் கீலின் அருமை தெரியும் என்று, ஸ்டாலுக்கு முன்பக்கம் முழுக்கப் பலகை அடைத்து நடுவில் ஒரு கதவு வைத்திருந்தான் அண்ணன். கீல் கடமை தவறாத கீல், கதவை நன்றாகச் சாத்திவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டால் பூட்டிக் கிடந்தது! இரண்டு பேர் வந்து நின்று பார்த்து, இவங்க இன்னும் வரலை போல என்று பேசிக்கொண்டே பக்கத்து ஸ்டாலுக்குப் போனார்கள்.

தங்கைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திவிட்டு வாடிக்கையாளருக்காக இரண்டு நாள் தவம் கிடந்த மேதாவிகளை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? உள்ளே போய்ச் சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கிப்போய், கதவைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரைத் தேடினான். அவளுக்கு வேறு யோசனை வந்திருந்தது. லாரியில் ஏற்றி இறக்க வசதியாக, கதவை நிலையோடு ஒரு சக்கரப் பலகைமேல்தான் நிறுத்தியிருந்தார்கள். குனிந்து சக்கரத்தின் பிரேக்கை எடுத்துவிட்டாள்.

"நீ ஸ்டாலைப் பாத்துக்க. நான் கதவைக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் வாயைத் திறப்பதற்குள் கதவு கிளம்பிவிட்டது.

அந்த ஊர்வலத்தை என்னவென்று சொல்வது! பின்னாலிருந்து தள்ளுகிறவளுக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரிய வேண்டுமானால் கதவைத் திறந்து எட்டிப்பார்க்க வேண்டும். பார்த்து முடிப்பதற்குள் அது மெல்ல மூக்குக்கு நேராகச் சாத்திக்கொள்ளும். டைல்ஸ் விற்கிறவர் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்றார். பெயின்ட் கம்பெனிக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று தடவை போய் வந்துவிட்டு விசிட்டிங் கார்டை நீட்டினார். இங்கெல்லாம் தள்ளிக்கொண்டு வரக் கூடாது என்று அதட்ட வந்த காவலாளி, ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, வழி விடுங்க வழி விடுங்க என்று தானே முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப் பை நிறையக் கார்டு, வாய் நிறையச் சிரிப்பு. ஆனால் மணி மூன்றாகப் பத்து நிமிஷம்தான் இருந்தது, தேடி வந்தவரைக் காணோம்.

காபி விற்கிற இடத்தை நெருங்கும்போது யாரோ அந்தப் பக்கமிருந்து முழங்கையால் கதவை இடித்துத் திறந்தார்கள். ஒரு கையில் காபி, ஒரு கையில் பெட்டி, வெளியே போகிற அவசரத்தில் ஓர் அம்மா. இது வாசல் என்றே நினைத்துவிட்டார். கதவு அவருக்குப் பின்னால் பூ மாதிரி வந்து சாத்திக்கொண்டது. கழுத்து அட்டையில் அந்த ஆஸ்பத்திரி நிறுவனத்தின் பெயர்!

ஆறு வருஷமாக ஓயாமல் பேசிய வாய் அந்த நேரம் பார்த்து அடைத்துக்கொண்டது. நல்லவேளை, பேச வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா காபியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைப் பலமாகத் தள்ளி விட்டார். காதை வைத்துக் கேட்டார். இன்னும் பலமாகத் தள்ளினார்.

"யாரு செஞ்சது இது?"

"எங்க அண்ணன்."

டிரைவருக்குப் போன் போட்டுக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கதவைத் தள்ளவும் ஒரு கை கொடுத்தார் அந்த அம்மா. ஸ்டாலுக்கு வந்தால், கதவு இருந்த இடைவெளி வழியாகப் புகுந்து, உள்ளே நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம். நடுவில் அண்ணன் கையில் ஒரு கீலை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தான். கேட்கிறவர்கள் கீலைப் பற்றியே கேட்டதால் நாக்கு எப்படியோ கழன்றுகொண்டிருந்தது.

புது ஆஸ்பத்திரிக்கு நானூறு கதவு வேண்டும், முதலில் எங்கள் இன்ஜினியர் வந்து பட்டறையைப் பார்க்கட்டும் என்றார் அந்த அம்மா. பிறகு டைரியைப் புரட்டினார்.

"ஒண்ணாம் தேதி வரலாமா? நீங்க இருப்பீங்களா?"

தங்கை சட்டென்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் ஒரு தடவை அவளைப் பார்த்தான்.

"பட்டறையிலதாங்க இருப்பேன்," என்றான். "வேற எங்க போகப்போறேன்?"