கறை படியாத கோட்டு

கோதுமை வயலை விட்டு வெளியே வந்த நெவேனா குனிந்து தன் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. முழங்கால் பக்கம் உள்ளங்கையால் தடவினாள். கையிலும் ஒன்றும் ஒட்டவில்லை. அவள் முகம் இருண்டது.

தோப்ருஜா என்ற கோதுமைச் சமவெளியில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஜூன் மாதம் யாருடைய கோட்டும் வெள்ளையாக இருந்ததில்லை. சோதிக்க வேண்டிய ரகங்களைச் சுற்றி, துருநோய் தாங்காத பழைய கோதுமை ஒன்றை வேண்டுமென்றே விதைப்பார்கள். அதற்குப் பெயர் நோய் வரிசை. அதன் இலைகளில் நோய் பிடித்துச் செம்பழுப்புப் பொடி பூக்கும். பொடி காற்றில் பறந்து நடுவில் உள்ள ரகங்களின் மேல் விழும். அதற்குப் பிறகும் எது பச்சையாக நிற்கிறதோ அதுவே நோய் தாங்கும் ரகம். நோய் வரிசைக்கு நோய் வராவிட்டால், நடுவில் உள்ளவை எவ்வளவு பச்சையாக நின்றாலும் அதற்கு அர்த்தமில்லை.

இந்த வருஷம் நடுவில் நின்றது ஸர்யானா. நெவேனா பன்னிரண்டு வருஷம் உழைத்து உருவாக்கிய ரகம். போன வருஷம் வரை அது அசையாமல் நின்றது. ஆனால் இந்த மே மாதக் கடைசியில் அதன் கீழ் இலைகளில் சில செம்புள்ளிகளை அவள் பார்த்தாள். துரு புது உருவம் எடுத்து உள்ளே நுழைந்துவிட்டது. அன்றே இயக்குநர் தோன்கோவிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளே ஏதோ கூட்டம் என்று அவளைத் தலைநகர் சோஃபியாவுக்கு அனுப்பிவைத்தார். நாளை வயல் விழா. புது ரகங்களை விற்க அனுமதி தரும் அங்கீகாரக் குழு வரப்போகிறது. இன்று திரும்பி வந்து பார்த்தால் புள்ளிகளைக் காணோம். நோய் வரிசையில்கூடப் பொடி இல்லை. இலைகளில் வறண்ட வடுக்கள் மட்டும் இருந்தன.

டிராக்டர் ஓட்டும் தின்கோ கொட்டகை நிழலில் உட்கார்ந்து ரொட்டியில் மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினான். அவள் கறை ஒட்டாத உள்ளங்கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"டைரக்டர்தான் மருந்து அடிக்கச் சொன்னாரு, அக்கா. அடிச்சேன்."

"நோய் வரிசைக்குமா?"

"நானும் அதத்தான் கேட்டேன். அதுதாண்டா பாக்கவே அசிங்கமா இருக்கு, மொதல்ல அதுக்கு அடின்னாரு."

நெவேனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே நின்றது. நாற்காலியிலேயே வளர்ந்த மனிதர் தோன்கோவ். வயலை ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகியவர். எது அசிங்கமாகத் தெரிந்ததோ அதைத் துடைக்கச் சொல்லிவிட்டார். அந்த வயலில் அசிங்கம்தான் சாட்சி என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவருடைய அறைக்குப் போனாள். அவர் மறுக்கவில்லை. காபி வரவழைத்தார். இந்த ரகமும் போய்விட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள், இத்தனை குடும்பங்கள் எங்கே போகும் என்று கேட்டார். இரண்டு வருஷம் ஓட்டிவிட்டால் அதற்குள் அடுத்த ரகம் வந்துவிடும் என்றார். கடைசியாகக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இது உங்க பேர் சொல்ற ரகம், நெவேனா. பெத்த புள்ளைய யாராவது சபையில காட்டிக் குடுப்பாங்களா?"

அவள் காபியைத் தொடாமலே எழுந்தாள்.

வெளியே வரும்போது வாசலில் என்சோ நின்றிருந்தார். பக்கத்து ஊர் விவசாயி. ஸர்யானாவின் முதல் விதை தனக்கு வேண்டும் என்று பட்டியலில் பெயர் எழுதிவிட்டுப் போக வந்தவர்.

"டாக்டரம்மா, ஒங்கள நம்பி மருந்தடிக்கிற மெஷின வித்துட்டேன். அந்தக் காசுல கூரை மாத்தியாச்சு. மழை பேஞ்சா இனிமே என் பொண்டாட்டி என்னைத் திட்ட வேற காரணம் தேடணும்."

நெவேனா சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

சாயங்காலம் தனியாக வயலைச் சுற்றி வந்தாள். கிழக்கு மூலையில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. மருந்து தெளிக்கும் நீளமான கையை டிராக்டர் அங்கே வீசித் திருப்ப முடியாது. கம்பத்தடியில் ஒரு திட்டு ஸர்யானா மருந்து படாமல் தப்பியிருந்தது. நுனி இலை வரை துரு பூத்திருந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். திட்டு சின்னதுதான். பிடுங்கிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷமும் பத்திரமாக இருக்கும். அவள் கை ஒரு கொத்துத் தாளைப் பற்றியது. பற்றியபடியே வெகுநேரம் இருந்தாள். தொலைவில் சூரியகாந்திக் காட்டுக்கு அப்பால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்கச் செம்பழுப்பு. அதைக் கழுவாமலே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அந்த நாட்டு மரபுப்படி ரொட்டியும் உப்பும் கொடுத்து விருந்தினரை வரவேற்றார்கள். வழக்கப்படி எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு. முதலில் நோய் வரிசையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்ததும் ஒருவர் கறையை இன்னொருவர் பார்த்துக் கேலி செய்வது அந்த நாளின் சந்தோஷம். இந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை. ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. குழுத் தலைவி பச்சைப் பயிரைப் பாராட்டினார். தோன்கோவ் நெவேனாவை நாலு வார்த்தை பேச அழைத்தார்.

அவள் எல்லோரும் பார்க்க மின்கம்பத்தடிக்குப் போனாள். அந்தத் திட்டுக்குள் புகுந்து மறுபக்கமாக வந்தாள். இடுப்பு வரை கோட்டு செம்பழுப்பாகியிருந்தது.

"இதுதான் ஸர்யானா. மருந்து படாத ஸர்யானா," என்றாள். "இப்ப உங்க கோட்டையெல்லாம் பாருங்க."

எல்லோரும் குனிந்தார்கள். குழுத் தலைவியும் குனிந்தார். நோய் வரிசையைக் கடந்து வந்தும் ஒரு கோட்டிலும் கறை இல்லை.

"நெவேனா, வெயில் உங்களுக்கு ஒத்துக்கல. உள்ள போய் உக்காருங்க," என்றார் தோன்கோவ்.

"வெயில் நல்லாத்தான் இருக்கு, சார். மருந்து வாடைதான் ஒத்துக்கல."

பின்னாலிருந்து தின்கோ தொண்டையைச் செருமினான். "அடிச்சது நான்தான். அடிக்கச் சொன்னவரு இங்கதான் நிக்கிறாரு." சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

குழுத் தலைவி மின்கம்பத்தடிக்குப் போய் ஓர் இலையைப் பறித்தார். விரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். தோன்கோவைப் பார்த்தார். இந்த ரகத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"நாளைக்கு நீங்க வேலைக்கு வர வேண்டாம்," என்றார் தோன்கோவ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வருவேன், சார். வாசல்ல நிறுத்தினீங்கன்னா வாசல்லயே நின்னு, வர்ற விவசாயிங்க கிட்ட இதையே சொல்லுவேன். இது ஏன் சாஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் சாயாத ஒண்ணை உண்டாக்க முடியும்."

என்சோ மெதுவாக அவள் பக்கம் வந்தார். "அப்ப நான் திரும்ப மெஷின் வாங்கணுமா?"

"வாங்கணும், அண்ணா. மன்னிச்சுக்குங்க."

அவர் மின்கம்பத்தடியில் பூத்திருந்த துருவைத் திரும்பிப் பார்த்தார். "மெஷின் போனாப் போகட்டும். இதை விதைச்சிருந்தா அறுப்பே போயிருக்கும்," என்றார். பிறகு மேஜையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து, உப்பில் தொட்டு அவள் கையில் கொடுத்தார்.

கறை படிந்த கையாலேயே நெவேனா அதை வாங்கிக்கொண்டாள். தோன்கோவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு அழுக்கில்லாத கோட்டில் அவர் தனியாக நின்றிருந்தார்.

"நோயை மறைச்சா நோய் போயிடாது, சார். நம்மளை நம்பினவன் வயல்ல போய் உக்காந்துக்கும். நமக்குத் தோல்வி வரலாம். அதை ஒளிச்சு வச்சு அவன் தலையில கட்டக் கூடாது. இந்த வயலைப் பொறுத்தவரைக்கும் கறை படியாத கோட்டுதான் கேவலம்."