எருக்குழி ஓரத்து மண்

மழை விழுகிறது. ஐப்பசி மழை. சாலைக்கு மேற்கே மண் மணக்கிறது. கிழக்கே, தையல்நாயகியின் மூன்று மா வயலில், மழை வெறும் தண்ணீராக விழுகிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் இறால் பண்ணை. ஏழு வருடமாகக் கடல்தண்ணீர் குட்டையில் நிற்கிறது. கசிந்தது. உப்பு வந்தது. நெல் போனது.

பண்ணையை மூடச் சொல்லி மனு கொடுத்தாள். மண் செத்ததற்குச் சாட்சி கேட்டார்கள். பார்த்தால் தெரியவில்லையாம் பெரிய மனிதர்களுக்கு.

மழை விட்டு வெயில் காய்ந்த நாலாம் நாள், அந்தச் சாட்சிக்காக மண் பரிசோதனைக்கூடத்திலிருந்து ரெஜினா வந்தாள். இன்னும் மூன்று ஊர் பாக்கி என்று அவசரப்பட்டாள்.

"மழை வாசனை மழையோடது இல்லக்கா. மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்கு, அதுங்களோடது. உப்பு ஏறினா அதுங்க செத்துடும். உப்பைத் தாங்குற வேற கூட்டம் வந்து உக்காந்துக்கும்."

ஒரு பையை நீட்டினாள். "நடு வயல்ல அஞ்சு இடத்துல எடுத்துக் கலந்து, நிழல்ல வைங்க. சாயங்காலம் வாங்கிக்கிறேன்."

வேற கூட்டம். தையல்நாயகிக்கு அது புதிய செய்தியல்ல. பிள்ளைகள் இருவரும் திருப்பூரில். தெருவில் பாதி வீடு பூட்டு. மீதியில் பண்ணைக் காவல்காரர்கள்.

நடு வயலில் வெட்டினாள். உப்பு வெள்ளையாகப் பூத்த மண். மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

வெட்கமாக இருந்தது. அழுகையைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

மேட்டு மூலைக்குப் போனாள். எருக்குழி ஓரம். அங்கே மண் கறுப்பு. ஈரம். புழு நெளிந்தது. மணத்தது.

அதில் ஐந்து பிடி. கல் பொறுக்கி, வேர் நீக்கி, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மகளைச் சிங்காரிப்பதுபோலப் பையில் போட்டாள். சொன்னபடி நிழலில் வைத்தாள்.

பதினைந்தாம் நாள் ரெஜினா போனில் கூப்பிட்டாள். "பண்ணையே இல்லாத ஊரு மண்ணு மாதிரி வந்திருக்குக்கா. எங்க எடுத்தீங்க?"

சொன்னாள்.

"ஐயோ! ரிப்போர்ட் நேத்தே போயிடுச்சே."

"செத்ததை எப்படி பாப்பா பையில கட்டிக் குடுக்கறது? எனக்குச் சோறு போட்ட மண்ணு அது."

விசாரணை நாள். அதிகாரி வாசித்தார். உயிர் நிறைந்த, வளமான மண். மனு தள்ளுபடி. பண்ணைக்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

தையல்நாயகி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நடு வயல் மண்ணை மேசையில் கொட்டினாள்.

"இதுதாங்க என் வயலு. அன்னிக்குக் குடுத்தது எருக்குழி மண்ணு. மானத்துக்குப் பயந்து மாத்திட்டேன்."

"எதும்மா பொய்? அன்னிக்குக் குடுத்ததா, இன்னிக்குக் கொண்டாந்ததா?" அதிகாரி கேட்டார்.

இரண்டும் அவள் மண்தான்.

அலுவலக உதவியாளர் ஈரத்துணியால் மேசையைத் துடைத்தார். மண் போனது. துடைத்த இடம் மின்விசிறிக் காற்றில் காய்ந்து, மெல்ல வெள்ளை பூத்தது.

இன்னொரு முறை துடைத்தார்.