பின்சக்கரத்தின் இறுக்கம்

வளைவில் கார் துள்ளியது. துள்ளிய வேகத்தில் கவிழ்ந்து, நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்தது.

"மதினி, உங்க காரு தூங்கிட்டு. தட்டி எழுப்புங்க" என்றான் பிரபுதாஸ், ஜெயபாயின் கொழுந்தன். அதற்குள் அவன் கார் முடிவுக் கோட்டைத் தாண்டியிருந்தது.

1986, மே மாதம். சங்கரன்கோவிலுக்கு வெளியே வற்றிக் கிடந்த குளத்துக்குள் பந்தயம். ஜெயபாயின் அண்ணன் ஞானரத்தினம் கப்பல் என்ஜினியர். லீவுக்கு வரும்போது ஜப்பானிலிருந்து இரண்டு ரிமோட் கார்கள் கொண்டு வந்திருந்தார். மேடு பள்ளத்தில் ஓடுவதற்கென்றே செய்தவை. ஒன்று தங்கைக்கு, ஒன்று பிரபுதாஸுக்கு. மூன்று ஓட்டத்தில் இரண்டை ஜெயிக்கிற கார்தான் அடுத்த மாதம் மெட்ராஸ் பந்தயத்துக்குப் போகும்.

போயே தீருவது என்றிருந்தாள் ஜெயபாய். துண்டு துண்டாக வந்த காரைப் படம் பார்த்து அவளேதான் பூட்டினாள். பின்பக்கத்தை மட்டும் கணவன் சாம்ராஜிடம் விட்டாள். விசைத்தறி ரிப்பேருக்கு ஊரில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

முதல் ஓட்டம் போயிற்று. அடுத்ததற்கு அரைமணி நேரம் இருந்தது. சாம்ராஜ் திருப்புளியை எடுத்தான்.

"இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்குனா சரியாயிரும்."

"வேண்டாம் அத்தான். இறுக்க இறுக்கத்தான் துள்ளுது."

"ஏட்டி, லூசா கிடக்க மிஷின் எங்கயாச்சும் ஒழுங்கா ஓடுமா? பதினஞ்சு வருசமா தறி பாக்கேன்."

"தறி நின்ன இடத்துல நிக்கி. இது ஓடுதுல்லா? நான் சொல்லுதத நீங்க நம்ப வேண்டாம். திரும்பி நில்லுங்க. நான் ஓட்டுதேன், சத்தத்த மட்டும் கேளுங்க."

நாற்பது தறிகள் ஒன்றாக ஓடும்போதும் கெட்டுப்போன ஒன்றைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவன் அவன். முதுகைக் காட்டி நின்றான். வெடித்துக் கிடந்த கரம்பை மண்ணில் கார் ஓடியது. பள்ளத்துக்குப் பள்ளம் மோட்டார் வீலென்று கத்தியது.

"பாரமில்லாம சுத்துது. சக்கரம் தரையிலயே படல" என்றான் சாம்ராஜ்.

கார் வந்ததும் பின்பக்கத்தைக் கழற்றினான். சக்கரத்தை ஏந்தி மேலும் கீழும் அசைய வேண்டிய கைகளின் மூட்டில், ஆட்டம் இருக்கக் கூடாதென்று அவனே தோல் துண்டு செருகியிருந்தான். தறி கடகடத்தால் அவன் செய்கிற வேலை அது. பிடுங்கி எறிந்தான். ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருந்த வளையங்களில் பக்கத்துக்கு இரண்டைக் குறைத்தான். ஷாக் அப்சார்பரிலிருந்த கெட்டி எண்ணெயை ஒரு மூடியில் வடித்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஊற்றினான். ஒரு சாண் உயரத்திலிருந்து பின்பக்கத்தைக் கீழே விட்டான். கார் தவளை மாதிரி குதித்தது. வடித்து வைத்த கெட்டி எண்ணெயில் நாலு சொட்டுச் சேர்த்து மறுபடியும் விட்டான். பதிந்து, ஒரே தரம் எழும்பி, நின்றது.

"என்ன அண்ணே, கசாயமா காய்ச்சுத?" என்றான் பிரபுதாஸ்.

"உனக்குத்தாம்லே. குடிக்கத் தயாரா இரு."

இரண்டாவது ஓட்டத்தில் ஜெயபாய் இருபது அடி முன்னால் வந்தாள். மூன்றாவதில் பிரபுதாஸ் உஷாரானான். கடைசிச் சுற்று வரை வழியே விடவில்லை. அதே வளைவு வந்தது. அவன் மேட்டைச் சுற்றி ஒதுங்கினான். அவளோ வெடிப்புகளின் மேலேயே காரை விட்டாள். பின்சக்கரங்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறின, தரையை விடவே இல்லை. மோட்டார் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அரைமுழ வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டினாள்.

"மதினி, மெட்ராஸுக்குப் பெட்டி தூக்க ஆள் வேணும்னா நான் வாரேன்" என்று பிரபுதாஸ் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஞானரத்தினம் மெட்ராஸ் பந்தய விண்ணப்பத்தைக் கரையில் நின்ற ஜீப்பின் மேல் விரித்தார். "ஓட்டுறது ஜெயபாய். மெக்கானிக் சாம்ராஜ். எந்த கிளப்னு கேட்டிருக்கான். நமக்குத்தான் கிளப்பே கிடையாதே, கோடு போட்டிரட்டா?"

சாம்ராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் கையில் ஒட்டிய கரிசல் மண்ணைச் சேலையில் துடைத்துவிட்டு, பேனாவை வாங்கி, அந்தக் கட்டம் நிறைய எழுதினாள்: சங்கரன்கோவில்.