பிரிவு மூன்று

முழு உதவித்தொகையுடன் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம் வந்திருந்தது. அந்த இடம் யாருக்கு என்று முடிவாகியிருந்ததோ, அவளிடமே விளம்பரம் எழுதும் பொறுப்பைப் பேராசிரியர் ஒப்படைத்தார். துறையில் அதுதான் வழக்கம். முதலில் ஆளை முடிவு செய்வார்கள். பிறகு அந்த ஆளின் அளவுக்குத் தகுதிகளைத் தைப்பார்கள். மூன்று வாரம் உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாத்துவார்கள். இதற்கு வெளிப்படையான தேர்வு என்று பெயர்.

ஆய்வு உதவியாளராக நாலு வருடம் அங்கே குப்பை கொட்டியவள் அவள். உலோகப் படலம் பூசும் இயந்திரம் அவள் கை பட்டால்தான் ஓடும். ஆகவே கூச்சப்படாமல் எழுதினாள்: 'வெற்றிடப் பம்பின் கசிவைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் அனுபவம். இடக்கைப் பழக்கம் விரும்பத்தக்கது.'

"இடக்கையா?" என்றார் பேராசிரியர்.

"வால்வு சுவரோரமா இருக்கு சார். வலது கை உள்ள போகாது."

"பிரமாதம். அறிவியல்பூர்வமா இருக்கு."

மற்ற பிரிவுகளைப் போன தடவை விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினாள். பேராசிரியர் அப்போது 'அறிவியலில் பொறுமை' என்ற தலைப்பில் ஊர் ஊராக உரையாற்றிக்கொண்டிருந்தார். கையெழுத்துக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

முப்பத்தேழு விண்ணப்பங்கள் வந்தன. முப்பத்தேழு பேரும் இடக்கைக்காரர்கள்.

அலுவலக எழுத்தர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "முதுகலை முடிச்சு அஞ்சு வருஷம் தாண்டக் கூடாதுன்னு பிரிவு மூணுல இருக்கும்மா. கடைசித் தேதிக்குக் கணக்குப் பாத்தா உனக்குப் பத்தொம்பது நாள் கூடுது."

"அது பழைய விளம்பரத்துல இருந்து வந்தது சார்."

"எதுல இருந்து வந்தா என்னம்மா, எழுதுனது நீதானே."

"மாத்த முடியாதா?"

"வெளியிட்டாச்சு. இப்ப மாத்தினா உனக்காக மாத்தினோம்னு பேச்சு வரும்."

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து பேராசிரியரிடம் போனாள்.

"நான் தலையிட்டா துறையோட நேர்மை என்னம்மா ஆகும்?"

"கையெழுத்து கொஞ்சம் முன்னாடி கிடைச்சிருந்தா சார்..."

"அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடற ஆள் இல்ல நான்." மேசையிலிருந்த நினைவுப் பரிசு ஒன்றைத் துடைத்தார். "இன்னொண்ணு. மாணவர் சேர்ந்ததும் உதவியாளர் வேலை முடியுது. திட்டத்துல ஒரு நாற்காலிதான்."

"சரிங்க சார்."

நடைவழியில் அம்மாவின் அழைப்பு வந்தது. "என்னடி, டாக்டர் ஆயிட்டியா?"

"பத்தொம்பது நாள் தள்ளிப் போச்சும்மா."

"அவ்வளவுதானே, இருந்து சேந்துக்கோ. நாலு வருஷம் இருந்தவளுக்கு இது ஒரு விஷயமா?"

"சரிம்மா."

நேர்முகத் தேர்வில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பம்பை அவர் படத்தில் பார்த்திருந்தார். வருகைப் பதிவேட்டில் வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

மீதி முப்பத்தாறு பேருக்கு வருத்தக் கடிதம் அனுப்புவது ஆய்வு உதவியாளரின் வேலை. கடிதம் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்ற வேண்டும். 'தங்கள் ஆர்வத்தைப் பெரிதும் மதிக்கிறோம். எதிர்கால முயற்சிகள் சிறக்க வாழ்த்துகள்.' மாற்றி மாற்றி மின்னஞ்சலில் அனுப்பினாள். இருபத்திரண்டாவது பெயர் அவளுடையது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் அனுப்பினாள்.

கைப்பைக்குள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. இருபத்து மூன்றாவது பெயரைத் தட்டினாள்.