புதுப் பட்டை

பிக்கப்பின் கதவைப் பிடித்தபடி நவமணி நின்றுவிட்டாள். "வேணாங்க. ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த வண்டி தூக்கிப் போடுறதுக்கு வீட்டுலயே கெடந்து சாகலாம்."

காளிதாசன் மனைவியை வற்புறுத்தவில்லை. புற்றுநோய் அவளுடைய முதுகெலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. தோட்டத்து வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை செம்மண் பாதை, முழுக்கப் பள்ளம். வருடக்கணக்காகச் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றியதில் வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலிருந்த ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகியிருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்போடு இரும்பு மோதும். அவள் துண்டைக் கடித்துக்கொள்வாள். சத்தம் வராது. அதுதான் அவனுக்குத் தாங்காது.

அன்றைக்கே பாடாங் செராயில் சின்னையாவின் பட்டறைக்கு ஓட்டிப்போனான். துருப்பிடித்த போல்டுகளைச் சூடுகாட்டி அறுத்துப் பழைய பட்டைகளைக் கழற்றினான் சின்னையா. ஒன்று நடுவில் விரிசல் விட்டிருந்தது. புதியவை வில்லாக வளைந்து கிடந்தன.

"இனிமே குலுங்காதுல்ல?"

சின்னையா துணியில் கையைத் துடைத்தான். "இது பாரம் தாங்குற பட்டைண்ணே. லோட் இருந்தா நல்லா போகும். காலி வண்டின்னா முன்ன விட மோசமா தூக்கிப் போடும்லா. ஏன்?"

"வீட்டுல அவள ஏத்திட்டுப் போகணும்."

சின்னையா வண்டியின் காலியான பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். "மணல் மூட்டை போட்டுப் பாருங்கண்ணே," என்றான் பிறகு.

காளிதாசன் மணல் அள்ளிக் கட்டினான். அவள் உட்காரும் இடத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அதே பாதையில் போவதும் வருவதுமாக இருந்தான். தண்ணீர் சிந்தும்போதெல்லாம் இறங்கி இன்னொரு மூட்டையை ஏற்றினான். ஒருவழியாகக் கிண்ணம் சும்மா ததும்பிக்கொண்டு மட்டும் இருந்தபோது, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை துண்டைக் கையில் சுருட்டியபடி ஏறி உட்கார்ந்த நவமணி, பாதி வழியில் கேட்டாள்: "பெரிய பள்ளம் தாண்டியாச்சா?"

"அப்பவே தாண்டியாச்சு."

தார்ச்சாலை வருவதற்குள் தூங்கிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை மட்டும் தனியே கூப்பிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார். மருந்து இனிக் கேட்காது. இனி அவரை அலைய விடாதீர்கள். வீட்டிலேயே வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை தருகிறோம். காளிதாசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

திரும்பும்போது நவமணி கண்ணாடியை இறக்கிக் காற்றில் முகத்தைக் காட்டினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெளிவு.

"வண்டி நல்லா போகுதுங்க. இனிமே நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். அடுத்த டேட் எப்போ குடுத்தாரு?"

"போன் பண்ணுவாங்களாம்."

"பண்ணலன்னா நீங்க பண்ணிக் கேளுங்க. மறந்துடாதீங்க."

தோட்டத்துக்குத் திரும்பும் முனை வந்தது. அவன் வண்டியைத் திருப்பவில்லை. கோலா கெத்தில் ஊருக்குப் போகும் சாலையில் நேராக விட்டான்.

"எங்கங்க போறோம்?"

"ரோடு நல்லா இருக்குல்ல, இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வருவோம்," என்றான். முன்னால் போன லோரியிலிருந்து செம்பனைப் பழங்கள் ஒன்றிரண்டாக உதிர்ந்து, தாரில் துள்ளி, அவர்களை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தன.