மூடல் பிழை

பதினான்கு சென்டிமீட்டர் என்பது ஒரு சாண்கூட இல்லை. அந்தப் பதினான்கு சென்டிமீட்டருக்காக என் பட்டம் போகப் பார்த்தது.

புவியியல் மூன்றாம் ஆண்டில் நாங்கள் கல்லூரி வளாகத்தின் மேடு பள்ளத்தை அளக்க வேண்டும். நூலகப் படியில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 52.310 மீட்டர் என்று துறைச் சுவரில் தொங்கும் அட்டவணை சொல்கிறது. அங்கிருந்து கிளம்பி, முக்காலி மேல் லெவல் கருவியை வைத்து, ஒருத்தி அளவுகோலைப் பிடிக்க இன்னொருத்தி கருவியின் கண்ணாடி வழியாக எண்ணைப் படித்து, இப்படியே நிறுத்தம் நிறுத்தமாக நகர்ந்து நுழைவாயில் தூணின் அடியில் உள்ள குமிழுக்குப் போய்ச் சேர வேண்டும். அதன் உயரமும் அட்டவணையில் உண்டு, 49.865. நமக்கு வருகிற எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மூடல் பிழை என்று பெயர். ஒரு சென்டிமீட்டர் வரை மன்னிப்பு உண்டு.

எங்களுக்கு வந்தது 50.005.

எங்களுக்கு என்றால் எனக்கும் திசைகாட்டிக்கும். அவள் என் தோழி. சொந்தத் தெருவுக்குள்ளேயே வழி மாறிப் போகிறவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். ஆனால் அளவுகோலைக் கையில் கொடுத்தால் நட்ட கம்பம் மாதிரி நிற்பாள், அப்படி ஒரு கை அவளுக்கு.

"நான்தான் எங்கயோ தப்பாப் புடிச்சிட்டேன்டி" என்று அவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

"நீ தப்பாப் புடிச்சா ஒரு சென்டிமீட்டர் போகும், ரெண்டு போகும். பதினாலு போகணும்னா நீ படுத்துக்கிட்டுதான் புடிச்சிருக்கணும்" என்றேன்.

மறுநாள் மறுபடி அளந்தோம். 50.003. கருவி மேல் சந்தேகப்பட்டு வேறு கருவி வாங்கி மூன்றாவது தடவையும் அளந்தோம். 50.006. வெயிலில் என் மூக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

மற்ற பதினொரு குழுக்களும் மூன்று மில்லி, ஐந்து மில்லி என்று முடித்துவிட்டு மரத்தடியில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட முக்காலியை விரித்து நான் பார்த்ததே இல்லை. ரகசியம் ஒன்றும் பெரியதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் இதே துறையில் தங்கப் பதக்கம் வாங்கிய ஒருவரின் களக் குறிப்பேடு, நகலுக்கு மேல் நகலாக எல்லோர் கையிலும் இருந்தது. அவருடைய மூடல் பிழை ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்த எண்களை அங்கே இரண்டு மில்லி கூட்டி, இங்கே மூன்று குறைத்து எழுதினால் வேலை முடிந்தது. மூடல் பிழை என்றால் மூடி மறைக்க வேண்டிய பிழை என்றே எங்கள் துறை அர்த்தம் செய்துகொண்டிருந்தது.

அந்தத் தங்கப் பதக்கம்தான் இப்போது எங்கள் செய்முறை வகுப்புக்குப் பொறுப்பான சார்.

அவர் என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா வைத்திருப்பவர், யாரையும் கடிந்து பேசாதவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"எத்தனை நிறுத்தம் போட்டீங்க?"

"பதினாலு சார்."

"அப்புறம் என்னம்மா? பதினாலு நிறுத்தம், பதினாலு சென்டிமீட்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சென்டிமீட்டர் பிரிச்சுக் குடுத்துடு. கணக்கு ஜம்முனு மூடிக்கும்."

"படிச்சது ஒண்ணு, எழுதறது ஒண்ணா சார்?"

அவர் சிரிப்பு குறைந்தது. "வெள்ளிக்கிழமை வெளியிலேர்ந்து தேர்வாளர் வர்றாங்க. இந்தப் பிழையோட நோட்டை வெச்சா செய்முறையில பூஜ்யம்தான் விழும். அப்புறம் அடுத்த வருஷம் வந்து மறுபடி அளந்துக்கோ."

மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டிருந்தது. பட்டம் கையில் இருந்தால்தான் அந்த இடம் நிற்கும். செய்முறையில் பூஜ்யம் என்றால் இடமும் போச்சு, வருடமும் போச்சு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா பஸ் ஓட்டுகிறவர். நான் புவியியல் எடுத்த நாளிலிருந்து, "வழி தெரியணும்னா என்னைக் கேட்டாப் போதாதா? இதுக்கு மூணு வருஷமா?" என்று கிண்டல் செய்வதே அவர் பொழுதுபோக்கு. அன்று கிண்டல் செய்யவில்லை. சாப்பிட்ட தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "சார் சொல்றாப்ல எழுதிக் குடுத்துடும்மா. எல்லாரும் செய்யறதுதானே?" என்றார். அவர் பயந்துபோய்ச் சொன்னார் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான். இருந்தாலும் அந்தப் பொய்யை எழுதப் பேனாவை எடுத்தபோது கை நகரவே மாட்டேன் என்றது. எழுதினால் மூன்று தடவை வெயிலில் நின்ற திசைகாட்டிதான் தப்பு செய்தவள் ஆகிவிடுவாள்.

புதன்கிழமை காலை அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவை நுழைவாயிலோடு நிற்கவில்லை. அங்கிருந்து திரும்பி வேறு பாதையில் அளந்துகொண்டே நூலகப் படிக்கே வந்தோம். கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் கிளம்பிய எண்ணே வர வேண்டும், இதில் அட்டவணைக்கு வேலையே இல்லை. 52.310-இல் கிளம்பினோம், 52.313-இல் வந்து நின்றோம். மூன்றே மில்லி. அதோடு விடாமல் நூலகத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக் குமிழுக்கும் அளந்தோம். அட்டவணையில் 53.720, எங்களுக்கு 53.718.

"அப்போ நூலகம் சரி, தொட்டி சரி, நாமளும் சரி" என்றாள் திசைகாட்டி. "வாசல்தான் தப்பா?"

ஓட்டமும் நடையுமாக வாசலுக்குப் போனோம். மூன்று வருடமாகத் தினமும் நுழைகிற வாசல். தூணில் ஒரு கருங்கல் பலகை, அதில் வாயிலைக் கட்டித் திறந்துவைத்த தேதி. நாங்கள் ஒரு நாளும் நின்று படித்ததில்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி அது. துறைச் சுவரில் உள்ள அட்டவணையோ பத்தொன்பது வருடப் பழசு.

பழைய வாயிலை இடித்துக் கட்டியவர்கள், குமிழ் பதித்த கல்லைப் பத்திரமாகப் பெயர்த்து, புதுத் தூணின் அடியில் வைத்துப் பூசியிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்த வேலைதான். பதினான்கு சென்டிமீட்டர் மேலே வைத்துவிட்டார்கள், அவ்வளவே. ஏழு வருடமாக ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், ஏழு வருடமாக ஒருவர்கூட அளக்கவில்லை.

நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, வாயிற்காவலர் பதறி எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த தேர்வாளர் ஒரு குள்ளமான அம்மாள். கால்களில் மண் படிந்த கேன்வாஸ் ஷூ. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்தது. பன்னிரண்டு குறிப்பேடுகளையும் மேசையில் பரப்பி ஒன்றுவிடாமல் பார்த்தார்.

"பதினோரு குழுவுக்கு மில்லிமீட்டர்ல பிழை. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் பதினாலு சென்டிமீட்டர். என்னம்மா இது?"

"எங்க அளவு சரி மேடம். அட்டவணைதான் தப்பு."

வகுப்பில் கொல்லென்று சிரிப்பு. சார் எழுந்து, "அது வந்து மேடம், இந்தப் பொண்ணு கொஞ்சம் பிடிவாதம்..." என்று ஆரம்பித்தார்.

"பிடிவாதம் இருக்கட்டும் சார். காரணம் சொல்லட்டும்."

சொன்னேன். திரும்பி வந்த மூன்று மில்லியைக் காட்டினேன், தொட்டியைக் காட்டினேன், கருங்கல் பலகையில் உள்ள தேதியைச் சொன்னேன். அந்த அம்மாள் எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கருவியை எடுங்க. இப்பவே அளந்துடலாம். நீ படி, நான் எழுதறேன். கோலை யார் புடிக்கிறா?"

திசைகாட்டி முன்னால் வந்தாள். "நீ வேண்டாம்மா, ரெண்டு பேரும் ஒரே குழுவா இருக்கக்கூடாது" என்று அவளை நிறுத்தினார். மற்றவர்களைப் பார்த்தார். பதினொரு குழுவில் ஒருவருக்கும் கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாததால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்போ நீங்களே புடிங்க சார்" என்றார்.

வகுப்பே பின்னால் வர, நூலகத்திலிருந்து வாசல் வரை பதினான்கு நிறுத்தம் போனோம். இரண்டு மணி நேரம். சார் பிடித்த கோல் நாலாவது நிறுத்தத்திலேயே சாய ஆரம்பித்துவிட்டது.

"சார், நேராப் புடிங்க!" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் கடைசி எண்ணைப் படித்தேன். அந்த அம்மாள் கூட்டிக் கழித்தார். ஒரு தடவை பார்த்தார், மறு தடவை பார்த்தார்.

"50.004."

திசைகாட்டி என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் முக்காலி விழப் பார்த்தது. அந்த அம்மாள் எங்கள் குறிப்பேட்டில் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு மற்ற பதினொன்றையும் அடுக்கித் தட்டினார்.

"இவங்க எல்லாரும் தப்பான இடத்துக்கு ரொம்பச் சரியாப் போய்ச் சேர்ந்திருக்காங்க. திங்கட்கிழமை எல்லாரும் மறுபடி அளக்கணும்." அப்புறம் சார் பக்கம் திரும்பினார். "நீங்களும் இங்கதானே படிச்சீங்க? எந்த வருஷம் முடிச்சீங்க?"

சார் கோலைப் பிடித்தபடியே நின்றார். பொய் சொல்லியிருக்கலாம், அந்த அம்மாள் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

"அஞ்சு வருஷம் ஆச்சு மேடம். ஒரு மில்லிமீட்டர்தான் வந்துச்சு எனக்கு." கோலைத் தரையில் ஊன்றினார். "அன்னிக்கு மழை. நான் வெளியவே போகல."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் அந்த நிமிடம் அவர் மேல் இருந்த கோபம் வடிந்துவிட்டது. அவர் கோலை என்னிடம் கொடுத்தார்.

"திங்கட்கிழமை நானும் அளக்கறேன். எனக்குக் கோல் புடிப்பியாம்மா?"

"புடிக்கிறேன் சார்" என்றேன். "ஆனா நோட்டுல இவதான் எழுதுவா."

திசைகாட்டி அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டாள்.