பதினொரு மில்லிமீட்டர்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து முதன்முதலாகத் துறைமுக வேலைக்குப் போனவன் விஜயராஜ். பழைய கப்பல்களின் இரும்பு துருவில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கருவி வைத்து அளந்து எழுதுவது அவன் வேலை. தங்கை கோகிலவாணியின் கணவன் தனசேகரனுக்கு ஒரு சரக்குக் கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

அந்தக் கப்பலுக்கு இருபத்தொன்பது வயது. சித்திரை மாதம் அதை அளக்க விஜயராஜ் இறங்கினான். சுத்தியலால் தட்டிய இடமெல்லாம் துரு பாளம் பாளமாக உதிர்ந்தது. பக்கச் சுவரைத் தாங்கும் சட்டங்கள் புதிதில் பதினான்கு மில்லிமீட்டர். பத்தரைக்குக் கீழே போனால் வெட்டி மாற்றியாக வேண்டும். கருவி எட்டு காட்டியது. இன்னொரு இடத்தில் ஏழரை.

கப்பல் கம்பெனி மேலாளர் தாளைப் பார்த்தார்.

"பதினொண்ணுன்னு எழுது. இப்போ வேலைக்கு நிறுத்துனா ரெண்டு மாசம் போய்டும். அடுத்த வருசம் மாத்திக்கலாம்."

"சார், என் மச்சான் இதுலதான் போறாரு."

"அப்போ இன்னும் நல்லது. சொந்த மச்சான் போற கப்பலுக்கு நீ பொய் எழுதுவன்னு எவனும் சந்தேகப்பட மாட்டான்."

எழுதிக் கையெழுத்துப் போட்டான். தனசேகரனிடம், "இந்தத் தடவ போவாத மச்சான்" என்று மட்டும் சொன்னான். "இன்னாத்துக்கு?" என்று அவன் கேட்டபோது வேறு பேச்சுக்கு மாறினான்.

ஆடிக் காற்றில் கப்பல் மூழ்கியது. தண்ணீர் உள்ளே வருகிறது என்பதுதான் கடைசிச் செய்தி. பதினெட்டுப் பேரில் ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. தனசேகரனும் பக்கத்து ஊர் ராஜாக்கண்ணுவும் அவர்களில் இருந்தார்கள்.

மேலாளர் ஜீப்பில் மலைக்கு வந்தார். ஊர் கூடியிருந்தது.

"கப்பல் நல்லாத்தான் இருந்துச்சு. அளந்த தாள் இருக்கு. சரக்கறை மூடிய இறுக்க வேண்டியது தனசேகரன். அவரு இறுக்கல."

கோகிலவாணி அண்ணனைப் பார்த்தாள். "நீதானண்ணா அளந்த? நீ சொல்லு. நல்லாவா இருந்துச்சு?"

மேலாளர் கையில் இருந்த தாளில் தன் கையெழுத்து விஜயராஜுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சிறை.

"பதினொண்ணு இருந்துச்சும்மா."

ராஜாக்கண்ணுவின் தாய் பெரியம்மாள் எழுந்து வந்து கோகிலவாணியின் தலைமுடியைப் பிடித்தாள். "உம்புருசன் சோம்பேறித்தனத்துக்கு எம்புள்ளையாடி கெடச்சான்?" கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். யாரும் தடுக்கவில்லை. விஜயராஜும் தடுக்கவில்லை.

சாமை அறுப்புக்குக் கோகிலவாணியின் கொல்லைக்கு ஒருவரும் வரவில்லை. விஜயராஜ் மட்டும் வந்தான். தனசேகரனின் படத்தை அவள் சுவரிலிருந்து கழற்றியிருந்தாள்.

"உன்ன வுட்டா எனக்கு யாருண்ணா? அந்தாளு இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனைக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவனுக்குக் களி போட்டாள்.

விஜயராஜ் சாப்பிட்டான். இன்னொரு உருண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான். திங்கட்கிழமை வேறொரு கப்பலை அளக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.